டிவிக்கு அளவெடுத்தவள்

என் அக்காவுக்கு இந்தத் தெருவில் டேப் அக்கா என்றுதான் பெயர். கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. முப்பத்தோரு வருடமாக ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறாள். பேன்ட் இடுப்பைப் பிடிப்பது, சட்டைத் தோளைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பள்ளிக்கூட யூனிஃபார்ம், செக்யூரிட்டி யூனிஃபார்ம் எல்லாம் உண்டு. அவள் மெஷினில் உட்காருவாள், நான் கட்டிங் மேஜையில் நிற்பேன். நான் அவளைவிட மூன்று வயது சின்னவள். தினம் ஒரு சண்டையாவது போடவில்லை என்றால் எங்கள் இருவருக்கும் சாப்பாடு செரிக்காது.

அவளுக்குப் பிடிக்காத ஒரே வார்த்தை ரெடிமேட். "எவனுக்கோ தச்சதுக்குள்ள நம்ம உடம்பை நுழைக்கறதுதான்டி ரெடிமேட்" என்பாள். அதையே ஆல்டர் செய்துதானே நாம் சாப்பிடுகிறோம் என்று நான் கேட்டால், "அதான் சொல்றேன், எனக்குத் தெரியாதா?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது இடது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. டாக்டர்கள் பார்த்தார்கள், ஏதேதோ எந்திரத்தில் உட்கார வைத்தார்கள், கடைசியில் கையை விரித்துவிட்டார்கள். வலது காதும் முழுசாக இல்லை, முக்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த முக்காலுக்கு ஒரு மெஷின் வாங்கி மாட்டினோம். அதோடு தையல் மெஷினை ஓட்டினால் தகர டப்பாவைப் படிக்கட்டில் உருட்டிவிட்ட மாதிரி இருக்கிறது என்று கழற்றிப் பட்டன் டப்பாவுக்குள் போட்டாள். இன்னும் அங்கேதான் கிடக்கிறது. ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற வசதி அவளுக்கு இல்லை. உள்ளே போனது உள்ளேயேதான் இருக்கும். அவளிடம் வாயைக் கொடுக்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

அவள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து டிவி பார்ப்பார்கள். அத்தான் இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். இரண்டு வீடு தள்ளி இருக்கிற நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். பார்ப்பதைவிடப் பேச்சுதான் அதிகம். யார் திருடன், யார் பொய் சொல்கிறான் என்று யார் முதலில் கண்டுபிடிப்பது என்பதில் ஒரு போட்டியே நடக்கும். அக்கா பாதிப் படத்திலேயே "இவன்தான்" என்று சொல்லிவிடுவாள். அநேகமாகச் சரியாக இருக்கும். அவள் மகன் லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசர், மருமகள் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். இரண்டு பேரும் அக்கா சொல்வதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று போட்டி போடுவார்கள். சிரிப்பாகத்தான் இருக்கும்.

காது போன பிறகு அந்தப் போட்டியிலிருந்து அக்கா மெல்ல மெல்ல விழுந்துவிட்டாள். மகன் வாங்கிப் போட்ட பெரிய டிவி வேறு. தட்டையாக, அட்டை மாதிரி, அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு ஸ்பீக்கர் முதுகில். முகத்தை நமக்குக் காட்டி, சுவரைப் பார்த்துப் பேசுகிற டிவி. அக்கா சத்தத்தைக் கூட்டுவாள். பேச்சு வருகிறதோ இல்லையோ, பின்னால் வாசிக்கிற மேளமெல்லாம் எழுந்து வரும். மேல் வீட்டுக்காரர் தரையைத் தட்டுவார். மருமகளுக்குத் தலைவலி வரும். அவள் நாள் முழுக்கப் பல்லைக் குடைகிற டிரில் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவள், பொய் சொல்லவில்லை. அக்கா குறைப்பாள். குறைத்துவிட்டு, நடிகர்களின் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் அவள் ரிமோட்டை அழுத்துகிறாள், சத்தம் பதினைந்தைத் தாண்டி ஏறவில்லை. மகன் டிவிக்குள் போய்ப் பூட்டுப் போட்டுவிட்டான். நாலு எண் தெரிந்தால்தான் திறக்குமாம். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்காக வைத்திருக்கிற பூட்டு அது.

அடுத்த வாரம் பின் அறையில் ஒரு சின்ன டிவி வந்தது, கூடவே காதை மூடுகிற ஹெட்ஃபோன். "உனக்குன்னு தனியாம்மா. எவ்வளவு வேணுமோ வெச்சுக்கோ, யாரும் கேக்க மாட்டாங்க" என்றான் மகன். ஹாலுக்குப் புது சோஃபா ஆர்டர் கொடுத்திருந்தான், அடுத்த திங்கட்கிழமை வருவதாக இருந்தது. முனை மடங்கிய பெரிய சோஃபா. அது வந்தால் ஹாலில் அக்காவின் பிரம்பு நாற்காலிக்கு இடமில்லை. நாற்காலியும் பின் அறைக்குப் போகும் என்று அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். கெட்டவன் இல்லை அவன். அம்மாவுக்கு நல்லது செய்கிறோம் என்றே நினைத்தான்.

"வீடு யார் பேருல இருக்கு? கேளேன் அவனை" என்றேன் மறுநாள் கடையில்.

"கேக்க மாட்டேன்."

"ஏன்? நாக்கு ஒட்டிக்கிச்சா?"

அவள் ஒரு பேன்ட்டின் கால் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "பத்திரத்தைக் காட்டி ஹால்ல உக்காரணுமா நான்? அப்படி உக்காந்தா எவன்டி என்கூட பேசுவான்?" என்றாள்.

அன்று சாயங்காலம் அவளே மகனிடம் போனாள். நானும் இருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் என் நாற்காலியை யாரும் தொடக்கூடாது. நான் இந்த டிவிக்கு ஸ்பீக்கர் செட் பண்ணப் போறேன்."

மகன் சிரித்தான். "நீயா? எதுக்கும்மா உனக்கு இந்த வேலை?"

"ஞாயித்துக்கிழமை உன் பொண்டாட்டி தனக்கு இதமா இருக்கற அளவுல சத்தத்தை வெச்சுக் குடுக்கட்டும். அதுக்கு மேல நான் ஒரு புள்ளி ஏத்த மாட்டேன். அதுல எனக்குப் பேச்சு புரிஞ்சா நாற்காலி ஹால்ல இருக்கும். புரியலேன்னா நானே தூக்கிட்டு பின்னாடி போயிடறேன். உன்னைத் தூக்க விட மாட்டேன்."

மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அத்தை கண்ணை மூடிக்கிட்டு சொல்லணும். இல்லேன்னா வாயைப் பாத்தே சொல்லிடுவாங்க" என்றாள். கெட்டிக்காரி. மூன்று வருடமாக மகனுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மூடிக்கறேன்" என்றாள் அக்கா.

மறுநாள் முதலில் பெரிய ஷோரூமுக்குப் போனோம். விற்கிறவன் ஒரு நீளக் கட்டையை எடுத்துக் காட்டினான், டிவிக்குக் கீழே வைப்பதாம். "எல்லாருக்கும் செட் ஆகும்மா இது" என்றான். "எல்லாருக்கும் செட் ஆகறதை நான் தினம் பிரிச்சுத் தச்சுக்கிட்டு இருக்கேன் தம்பி. இதுல பேச்சை மட்டும் கூட்ட முடியுமா?" என்று கேட்டாள் அக்கா. அவனுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பாள். "வீட்டுல ஆம்பளைங்க யாரையாவது கூட்டிட்டு வாங்கம்மா, அவங்களுக்குச் சொன்னா புரியும்" என்றான். அக்கா அவனை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தாள். "உன் பேன்ட் வலது கால் அரை இன்ச் நீளம். உங்கப்பாவைக் கூட்டிட்டு வா, அவருக்குச் சொன்னா புரியும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். நான் வாசல் வரைக்கும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தேன்.

எங்கள் கடைக்குப் பின் சந்தில் ரேடியோ, டிவி ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். எந்நேரமும் ஈயம் உருக்கிக்கொண்டிருப்பதால் ஈயம் என்றே பெயர். அவர் இடுப்பு வருடத்துக்கு ஒரு இன்ச் வீதம் வளர்ந்த கதை எங்களுக்கு மட்டும்தான் தெரியும், வெளியே சொன்னதில்லை. அந்த விசுவாசம் அவருக்கு உண்டு.

"படத்துல பேச்சு தனி வழியில வருது அக்கா. பாட்டு, வண்டி, மழை, சண்டை எல்லாம் ரெண்டு பக்கத்து ஸ்பீக்கர்ல வரும். பேச்சு முக்காவாசி நடு ஸ்பீக்கர்ல வரும். டிவி எல்லாத்தையும் ஒரே வாயில துப்பறதால பேச்சு அமுங்கிப் போகுது. நடுவுக்குன்னு தனியா ஒண்ணு வெச்சா, அதை மட்டும் தூக்கி விடலாம்" என்றார்.

"பேச்சை மட்டுமா?"

"பேச்சை மட்டும்."

"மத்தது ஏறாதா?"

"ஏறாது அக்கா. எத்தனை தடவை கேப்பீங்க?"

அவள் இன்னொரு தடவையும் கேட்டாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

ஈயம் தன் கடைக்குள் போய்த் துழாவி ஒவ்வொன்றாக எடுத்துவந்தார். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வராத ஒரு ஆம்ப்ளிஃபயர். பூனை நகத்தால் முன் துணி கிழிந்த இரண்டு ஸ்பீக்கர். வேறு ஏதோ செட்டிலிருந்து தனியாக வந்த நீளமான நடு ஸ்பீக்கர். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கூட்டம். விலை என்ன என்று கேட்காதீர்கள், அந்தப் புது சோஃபாவின் ஒரு கால்கூட அதற்கு வராது. பெரிய வூஃபர் ஒன்றையும் உருட்டிக்கொண்டு வந்தார்.

"அது வேணாம்" என்றாள் அக்கா.

"வூஃபர் இல்லாம ஹோம் தியேட்டரா? இடி இடிச்சா நெஞ்சுல கேக்கணும் அக்கா."

"இடி மேல இருக்கறவர் தலையில விழும். எனக்கு இடி வேணாம், பேச்சு வேணும்."

"அப்ப நடு ஸ்பீக்கர் ஒண்ணு போதுமே. உனக்கு எதுக்குப் பக்கத்துக்கு ரெண்டு? சுமக்கப் போறவ நான்தானே" என்றேன் நான். அவள் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டாள். அவளுக்கு இப்போது அது சுலபம்.

டிவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே போட ஒரு மெல்லிய கேபிள் கொடுத்தார். நூல் மாதிரி இருந்தது. ஒரு முனையை டிவியில் சொருகினால் மறு முனையில் சிவப்பாக வெளிச்சம் வருமாம். "இதுல வர்ற சத்தத்துக்கும் டிவியில வெக்கற சத்தத்துக்கும் சம்பந்தமே இல்ல. டிவியில பதினஞ்சு வெச்சாலும் ஒண்ணுதான், அஞ்சு வெச்சாலும் ஒண்ணுதான். சத்தம் கூட்டறது குறைக்கறது எல்லாம் இனிமே ஆம்ப்ளிஃபயர்தான்" என்றார் ஈயம்.

அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பூட்டு அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும், கதவு வேறு பக்கம் திறந்துவிடும். எனக்கு அங்கேயே ஒரு ஆட்டம் போட்டுவிடலாம் போல் இருந்தது.

அந்த வாரம் கடையில் வேலை முடிந்ததும் ஸ்பீக்கர்களுக்குச் சட்டை தைத்தாள். கிழிந்த துணியைப் பிரித்து எறிந்துவிட்டு, ஒவ்வொரு துணியாக எடுத்து வாயருகே வைத்து ஊதினாள். யூனிஃபார்ம் துணியில் மூச்சு நுழையவில்லை, தள்ளிவைத்தாள். கோட்டு லைனிங்கும் அப்படித்தான். ஜன்னல் திரைக்கு வாங்கி மிஞ்சிப்போன வலைத்துணியில் மூச்சு தாராளமாகப் போனது. "மூச்சு போனா பேச்சும் போகும்" என்று அதை வெட்டினாள். பின்னால் அடையாளத்துக்குச் சிவப்பு நூலால் ஒன்றில் 'இ' என்றும் ஒன்றில் 'வ' என்றும் தைத்தாள். வயர் வெளியே தெரியக்கூடாது என்று நீளக் குழாய் மாதிரி துணியில் தைத்து, அதற்குள் ஒவ்வொரு வயராக விட்டாள். ஸ்பீக்கர் அடியில் வைக்கப் பழைய கோட்டுகளிலிருந்து பிரித்த தோள் பஞ்சு இருந்தது. மேஜை அதிரக்கூடாதாம். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பார்க்க ஆசையாகவும் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஹாலில் எல்லாவற்றையும் வைத்து வயரை மாட்டினோம். ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் அது தன் முகத்திலிருந்த சின்னத் திரையில் ஒரு கேள்வி கேட்டது. ஒவ்வொரு ஸ்பீக்கரும் நீ உட்காருகிற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று. அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

"பாத்தியாடி, அளவு கேக்குது. இத்தனை நாள் வாங்கின சாமான்ல ஒண்ணாவது அளவு கேட்டிருக்கா?" என்றாள்.

கழுத்திலிருந்து டேப்பை உருவி அளக்க ஆரம்பித்தாள். டேப்பின் ஒரு முனையை நாற்காலி முதுகில், அவள் தலை இருக்கிற உயரத்தில் நான் பிடித்துக்கொண்டேன். அவள் மறு முனையில் இன்னொரு டேப்பைக் குத்திச் சேர்த்து, அதோடு டிவி வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் அங்கிருந்தே என்னை முறைத்தாள்.

"என்ன?"

"நான் உக்காந்தா எந்தக் காது இந்தப் பக்கம் வரும்?"

நாற்காலி வலது பக்கச் சுவரோரம், ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. வெளிச்சத்தில் கை தையல் போட வசதி என்று அத்தான் காலத்தில் போட்ட இடம். அங்கே உட்கார்ந்தால் டிவி இடது கைப் பக்கம். மூன்று வருடமாக என் அக்கா டிவிக்குச் செத்த காதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர் சொல்லவில்லை, மகன் சொல்லவில்லை, தினம் பக்கத்திலேயே உட்கார்ந்த எனக்கும் தோன்றவில்லை. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிர்ச் சுவருக்கு வந்தாள். வலது காது டிவியைப் பார்க்கிற மாதிரி போட்டாள். உட்கார்ந்து பார்த்தாள், எழுந்தாள், நாலு விரல் நகர்த்தினாள், திரும்ப உட்கார்ந்தாள். திருப்தியானதும் சாக்குக்கட்டியை எடுத்து நாலு கால்களையும் சுற்றித் தரையில் கோடு போட்டாள். பிறகு அங்கிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அளந்து, அது கேட்டதைக் கொடுத்தாள். நடு ஸ்பீக்கரின் சத்தத்தை மட்டும் நாலு படி கூட்டிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்தோம். மகன் ஒரு சண்டைப் படத்தைப் போட்டான். மருமகள் ஆம்ப்ளிஃபயர் ரிமோட்டை எடுத்து மெல்ல மெல்லக் கூட்டி, ஒரு இடத்தில் நிறுத்தினாள். "இது போதும் அத்தை. இதுக்கு மேல போனா எனக்கு வலிக்கும்" என்றாள். "சரி, அதுலயே இருக்கட்டும்" என்றாள் அக்கா.

படத்தில் ஒரு கார் இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் பறந்தது. சத்தம் வலது பக்கத்தில் கிளம்பி இடது பக்கம் போய் முடிந்தது. மகன் இன்னொரு கார் வரும் வரை பார்த்தான். அதுவும் அப்படியே. ஒருவன் வலது ஓரத்தில் கதவைச் சாத்தினால் இடது ஓரத்தில் டமாரென்றது.

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மா, கார் ஒரு ஊருக்குப் போகுது, சத்தம் வேற ஊருக்குப் போகுது. உனக்கே கேக்கலையா இது?"

அக்கா அவனைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள். "என்ன தப்பு?" என்றாள்.

"என்ன தப்பா? எல்லாமே மாறி வருதும்மா. நேத்து முழுக்க உக்காந்து கேட்டிருக்கே, இதுகூடத் தெரியலையா?" சிரிப்பு அடங்கி, அவன் குரலில் இரக்கம் வந்துவிட்டது. அந்த இரக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. "விடும்மா. நீ பட்ட பாடு போதும். நாளைக்கு சோஃபா வருது, நானே நாற்காலியை..."

"உக்காருடா" என்றேன் நான். டிவிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். 'இ' என்று தைத்த ஸ்பீக்கர் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு வலது பக்கம் இருந்தது, 'வ' இடது பக்கம் இருந்தது. ஒரு நொடி எனக்கும் புரியவில்லை. புரிந்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

எங்கள் தொழிலில் இடது என்றால் போட்டுக்கொள்கிறவருடைய இடது. எதிரே நிற்கிற எங்கள் இடது இல்லை. முதல் மாதமே இது கையில் ஏறிவிட வேண்டும், இல்லையென்றால் சட்டைப் பையை மார்பின் மறுபக்கம் வைத்துத் தைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். முப்பத்தோரு வருடமாக எதிரே நிற்கிறவனின் இடது தோளை இடது தோள் என்று குறித்துப் பழகியவள், எதிரே நின்ற டிவியையும் ஒரு கஸ்டமராகவே பார்த்திருக்கிறாள். அதன் இடது கைப் பக்கம் இடது ஸ்பீக்கர். தையல்காரி கணக்குக்கு அப்பழுக்கில்லாத வேலை.

"நீ டிவிக்குச் சட்டை தச்சிருக்கே அக்கா" என்றேன்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. நெற்றியில் அடித்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டே எழுந்து போய், இரண்டு வயரையும் பிடுங்கி மாற்றிச் சொருகிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "இப்ப போடு காரை" என்றாள். கார் போன ஊருக்கே சத்தமும் போனது.

"இப்ப சரியா?" என்று அவள் மகனைக் கேட்டாள். அவன் சரி என்று தலையாட்டினான்.

"அப்ப பேச்சுக்கு வா."

மருமகள் வேறு படம் மாற்றினாள். யாரும் பார்த்திராத படம். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கையிரண்டும் நாற்காலியின் பிரம்பை இறுக்கிப் பிடித்திருந்தன. வாயால் இவ்வளவு பேசுகிறவளுக்கு உள்ளே எவ்வளவு பயம் என்று அந்த விரல்களைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

திரையில் ஒரு பெண் தன் அண்ணனிடம் ஏதோ கேட்டாள். மழை வேறு பெய்துகொண்டிருந்தது.

"சாவியை எங்க வெச்சேன்னு கேக்கறா" என்றாள் அக்கா.

மருமகள் தலையாட்டினாள்.

"அலமாரியிலதான் இருக்கு, நான் எடுக்கலேங்கறான். வீட்டுக்கு யாரும் வரலியாங்கறா. யாரும் வரலேங்கறான்." அடுத்த வரிக்கு நிறுத்தினாள். புருவம் சுருங்கியது. "இது புரியல."

மகன் முன்னால் சாய்ந்தான்.

"அது எனக்கும் புரியல அத்தை, முணுமுணுக்கறான். விடுங்க" என்றாள் மருமகள். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் இதுவரை பேசிய எல்லாவற்றையும் நான் மன்னித்துவிட்டேன்.

படத்தில் அந்த அண்ணன் ரகசியக் குரலில் போனில் பேச ஆரம்பித்தான். அக்காவின் தலை லேசாக வலது பக்கம் திரும்பியது. "நாளைக்குக் குடுத்துடறேன், அவளுக்குச் சந்தேகம் வரலேன்னு யார்கிட்டயோ சொல்றான்" என்றவள், கண்ணைத் திறக்காமலேயே, "சாவியை எடுத்தது இவன்தான். முதல்லயே குரல்ல தெரிஞ்சுது" என்றாள்.

"நான் சொல்ல வந்தேன்" என்றாள் மருமகள்.

"வந்தே, சொல்லலியே" என்றாள் அக்கா. கண்ணைத் திறந்தாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த ஹாலில் அந்தச் சண்டையைக் கேட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சும்மா சொல்லவில்லை.

கலங்கினதை மறைக்க வேண்டுமே, அதனால் அவள் மேல் பாய்ந்தேன். "பேச்சுக்கு நடு ஸ்பீக்கர் ஒண்ணே போதும். ஒத்தைக் காதுக்கு எது எந்தப் பக்கம் வந்தா என்ன? உனக்கு இடதும் ஒண்ணுதான், வலதும் ஒண்ணுதான். எதுக்கு அந்த ரெண்டையும் சுமந்து, சட்டை தச்சு, இப்படி சிரிப்பா சிரிச்சோம்?"

மகன் திரும்பினான். "என்ன சித்தி சொல்றே? அம்மாவுக்கு எந்தப் பக்கம்னு தெரியாதா?"

"ஒரு காது இருக்கறவளுக்குப் பக்கம் ஏதுடா?" என்றாள் அக்கா, சாதாரணமாக. "சத்தம் வரும். எங்கிருந்துன்னு தெரியாது. நீ கூப்பிட்டா நான் நாலு பக்கமும் பாக்கலியா?"

"நான் கூப்பிடறதை நீ கண்டுக்காம போறேன்னு நினைச்சேன்."

"நினைச்சிருப்பே" என்றாள். பிறகு அந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் பார்த்துக்கொண்டே, "அது ரெண்டும் எனக்கு இல்ல. உங்களுக்கு. கார் எந்தப் பக்கம் போகுதுன்னு நீங்கல்லாம் கேப்பீங்கல்ல. என் பேச்சு மட்டும் கேட்டாப் போதும்னா நான் அந்த ரூம்லயே உக்காந்திருக்க மாட்டேனா?" என்றாள்.

படத்தில் அந்தப் பெண் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள், தெளிவாக.

மகன் எழுந்தான். டிவி ரிமோட்டை எடுத்து நாலு எண்ணை அழுத்தப் போனான். பூட்டை எடுக்கப் போகிறான் என்று எங்களுக்குப் புரிந்தது.

"அது இருக்கட்டும்" என்றாள் அக்கா. "அது என்னை ஒண்ணும் பண்ணல இப்ப."

அவன் ரிமோட்டைக் கீழே வைத்தான். பிறகு, "நாளைக்கு சோஃபாக்காரன்கிட்ட மடக்கற முனையை ஜன்னல் பக்கம் மாத்தச் சொல்லிடறேன். இந்தப் பக்கம் அப்படியே விட்டுடலாம். நீ கொஞ்சம் எந்திரி, இதை மட்டும் அரை அடி தள்ளிப் போட்டுடறேன், நடக்க வழி வேணும்" என்று நாற்காலியின் கையைப் பிடித்தான்.

அக்கா எழுந்திருக்கவில்லை. டேப்பின் நுனியால் அவன் புறங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள். தரையில் நாலு கால்களையும் சுற்றி வெள்ளைக் கோடு இருந்தது.

"கையை எடு. இது அளவெடுத்துப் போட்டது" என்றாள். அவன் சுற்றிக்கொண்டு போனான்.